வீட்டு வீடியோ: எக்ஸ்போர்ட்டில் தரம் எங்கே போகிறது?

எடிட்டிங் திரையில் பளிச்சென்று இருந்த வீடியோ, எக்ஸ்போர்ட் செய்து டி.வி.யில் போட்டதும் மங்கிப்போகிறது. பட்டுப் புடவையின் ஜரிகை கட்டம் கட்டமாக உடைகிறது. ஹோமப் புகை சதுரத் துண்டுகளாக நகர்கிறது. அட்சதை தூவும் இரண்டு வினாடி மட்டும் மொத்தப் படமும் கலங்கி, பிறகு தெளிகிறது. பழி பெரும்பாலும் கம்ப்யூட்டர் மேலோ சாஃப்ட்வேர் மேலோ விழும். உண்மையில், எக்ஸ்போர்ட் ஜன்னலில் நாம் கவனிக்காமல் தாண்டிய ஓரிரு எண்கள்தான் காரணம்.

பேச்சுக்கு ஒரு வீடியோவை வைத்துக்கொள்வோம். அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணம். நாற்பது நிமிடப் படம். வீடியோகிராபர் கொடுத்த கிளிப்புகள் வினாடிக்கு 25 ஃபிரேமில் இருக்கின்றன. பிள்ளைகளின் போனில் எடுத்தவை 30 ஃபிரேம். அதில் ஒருவருடையது மட்டும் 4கே. சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் அனுப்பியதெல்லாம் வாட்ஸப் வழியாக வந்து சேர்ந்தது. நடுவே, இவர்களுடைய முதல் கல்யாணத்தின் இரண்டு நிமிடம், பழைய வி.சி.டி.யிலிருந்து. இன்றைய குடும்ப வீடியோ என்றாலே இப்படி நாலு இடத்துச் சரக்குதான். ஒரே கேமராவில் எடுத்ததை எக்ஸ்போர்ட் செய்யச் சொல்லித்தரும் குறிப்புகள் இங்கே பாதி வழியில் நின்றுவிடும்.

முதலில் எக்ஸ்போர்ட் என்றால் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். 1080பி படத்தின் ஒரு ஃபிரேமில் 1920 × 1080, அதாவது ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள். வீடியோவில் வழக்கமாகப் புள்ளிக்கு ஒன்றரை பைட். வினாடிக்கு 25 ஃபிரேம் என்றால் சுமார் 78 மெகாபைட். ஒரு நிமிடத்துக்கு 4.6 ஜிபிக்கு மேல். ஆனால் உங்கள் போன் அதே ஒரு நிமிடத்தை 100, 130 மெகாபைட்டில் அடக்கிவிடுகிறது. அசையாத சுவரை ஒருமுறை எழுதிவைத்து, அடுத்த ஃபிரேம்களில் ‘அதேதான்’ என்று குறிப்பது. நகர்ந்த பகுதியை ‘இங்கிருந்து அங்கே போனது’ என்று குறிப்பது. கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களைத் தூக்கிப் போடுவது, இவைதான் அதன் வேலை. தூக்கிப் போட்டது திரும்ப வராது. எடிட் முடிந்து எக்ஸ்போர்ட் செய்யும்போது, ஏற்கெனவே சுருக்கியதை விரித்து, மறுபடி சுருக்குகிறோம். எந்த செட்டிங்கும் இதில் தரத்தைக் கூட்டாது. இழப்பைக் குறைக்கலாம், அவ்வளவுதான். 1080பி கிளிப்பை 4கே ஆக எக்ஸ்போர்ட் செய்தால் கோப்பு பெருக்கும்; ஜரிகையில் புதிதாக ஒரு இழைகூடத் தெரியாது.

ஆகவே, எத்தனை முறை சுருக்குகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. போனில் எடிட் செய்பவர்களிடம் இந்த இடத்தில்தான் தரம் கசிகிறது. ஒரு செயலியில் வெட்டி எக்ஸ்போர்ட். அதை இன்னொன்றில் திறந்து நாதஸ்வரம் சேர்த்து எக்ஸ்போர்ட். எழுத்துகள் அழகாக இருக்கின்றன என்று மூன்றாவது செயலியில் தலைப்புப் போட்டு மறுபடி எக்ஸ்போர்ட். பிறகு வாட்ஸப்பில் அனுப்பும்போது அது தன் பங்குக்கு ஒருமுறை சுருக்குகிறது. நாலாவது கையில் வந்து சேர்வதைப் பார்த்து, ‘கேமரா சரியில்லை’ என்கிறோம். ஏதாவது ஒரு செயலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முடியுங்கள். அதன் எழுத்துரு கொஞ்சம் அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

வெறுமனே முன்னும் பின்னும் வெட்டினால் போதும் என்றால் எக்ஸ்போர்ட்டே தேவையில்லை. லாஸ்லெஸ்கட், அவிடெமக்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள், படத்தை விரித்துச் சுருக்காமல் கோப்பை அப்படியே துண்டாக்கித் தரும். வெட்டு நீங்கள் சொன்ன இடத்தில் கச்சிதமாக விழாமல் ஒரு வினாடி முன்னே பின்னே போகலாம். முழு ஃபிரேமாக எழுதிய இடத்தில்தான் அவற்றால் வெட்ட முடியும். வீட்டு வீடியோவுக்கு அந்த ஒரு வினாடி ஒரு பொருட்டே இல்லை.

அடுத்தது மூலக் கோப்பு. வாட்ஸப்பில் சாதாரண வீடியோவாக வந்த கிளிப், ஏற்கெனவே நன்றாகப் பிழியப்பட்டது. ‘ஹெச்டி’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பினாலும் அது சுருக்கித்தான் அனுப்புகிறது, கொஞ்சம் குறைவாக. அதே கிளிப்பை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் கை வைக்காது; 2 ஜிபி வரை போகும். உறவுக்காரர்களிடம் இதைக் கேட்கக் கூச்சப்படுவோம். கேட்டுவிடுவது நல்லது. எந்த எக்ஸ்போர்ட் செட்டிங் செய்யும் உபகாரத்தையும் விட, ‘அண்ணா, அதையே டாக்குமென்டா அனுப்புங்களேன்’ என்ற ஒரு வரி அதிகம் செய்யும். கூகுள் போட்டோஸில் பகிர்ந்தால், அவர் ‘ஸ்டோரேஜ் சேவர்’ வைத்திருக்கிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஏற்றிய 4கே வீடியோ 1080பி ஆகக் குறைந்திருக்கும்.

கிளிப்புகள் கைக்கு வந்ததும் மீடியாஇன்ஃபோ என்ற சின்ன இலவச மென்பொருளில் ஒவ்வொரு வகையிலும் ஒன்றைத் திறந்து பாருங்கள். ரெசல்யூஷன், ஃபிரேம் எண்ணிக்கை, பிட்ரேட், ‘கோடெக்’ என்ற சுருக்கும் முறை எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் காட்டும். எக்ஸ்போர்ட் ஜன்னலில் கேட்கப்போகும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை அங்கேயே இருக்கிறது.

இப்போது பிட்ரேட். எக்ஸ்போர்ட் ஜன்னலில் நான் நேரம் செலவிடும் ஒரே இடம் இதுதான். ஒவ்வொரு வினாடிப் படத்துக்கும் இத்தனை மெகாபிட் என்று படி அளப்பதுதான் பிட்ரேட். ரெசல்யூஷனை எவ்வளவு உயர்த்தினாலும், அளந்து போடுவது குறைவாக இருந்தால் அதை அத்தனை புள்ளிகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். 5 மெகாபிட் பிட்ரேட்டில் எடுத்த 4கே கோப்பைவிட, 15 மெகாபிட் கொடுத்த 1080பி கோப்பு கண்ணுக்கு நன்றாக இருப்பது இதனால்தான். செயலிகள் 4கே என்பதைப் பெரிய எழுத்தில் காட்டிவிட்டு, பிட்ரேட்டை ‘ரெகமெண்டட்’ என்ற சொல்லுக்குப் பின்னால் மறைத்துவைப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

எவ்வளவு கொடுக்கலாம்? யூடியூப் தனக்கு ஏற்றப்படும் வீடியோவுக்குச் சொல்லும் அளவு ஒரு தோராயமான தரையைக் காட்டும்: 1080பி, 25 அல்லது 30 ஃபிரேமுக்கு 8 மெகாபிட்; 50 அல்லது 60 ஃபிரேமுக்கு 12; 4கே என்றால் 35 முதல் 45 வரை. இது ஏற்றி அனுப்பப் போதுமான அளவு. வைத்துப் பாதுகாக்க வேண்டிய அளவு அல்ல. ஆண்டிராய்டு போன்கள் பல 1080பி-யை 17 மெகாபிட் அளவில் பதிகின்றன. அதை 8-க்கு எக்ஸ்போர்ட் செய்தால் பாதியை விட்டுவிடுகிறோம். மூலம் 17 என்றால் வெளியே 20, 25 கொடுங்கள்; இரண்டாம் முறை சுருக்கும்போது கொஞ்சம் இடம் வேண்டும். 100 கொடுப்பது டிஸ்க்கை நிரப்புமே தவிர, பார்க்க எதுவும் மாறாது.

மெகாபிட்டும் மெகாபைட்டும் வேறு என்பதை நினைவில் வைத்தால் கோப்பு எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். பிட்ரேட்டை வினாடிகளால் பெருக்கி எட்டால் வகுக்க வேண்டும். நம் நாற்பது நிமிடப் படத்தில் 2,400 வினாடிகள். 30 மெகாபிட் கொடுத்தால் 9,000 மெகாபைட், அதாவது 9 ஜிபி. 12 கொடுத்தால் 3.6 ஜிபி. இந்த 3.6-க்குப் பின்னால் வேறு வேலை இருக்கிறது, குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் காட்சிக்கும் ஒரே அளவு தேவைப்படாது. தம்பதியர் மணையில் அமர்ந்திருக்க, பின்னால் துணித் திரை தொங்கும் காட்சிக்கு மிகக் கொஞ்சம் போதும். கலச நீரை அவர்கள் தலையில் ஊற்றும்போது ஆயிரம் துளிகள் ஆயிரம் திசையில் தெறிக்கின்றன; முந்தைய ஃபிரேமைப் பார்த்து ‘அதேதான்’ என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. ஹோமப் புகை, அட்சதை, ஓடும் சீரியல் விளக்கு, ஃபிளாஷ் மின்னல் எல்லாம் அதே கதி. வீட்டு விசேஷத்தில் நெஞ்சில் நிற்கும் கணங்கள் பெரும்பாலும் இப்படிச் சுருக்கக் கடினமானவையாக இருப்பது துரதிர்ஷ்டம். ஆகவே ‘சிபிஆர்’ என்ற நிலையான பிட்ரேட்டைத் தவிர்த்து, ‘விபிஆர்’ என்ற மாறும் பிட்ரேட்டைத் தேர்ந்தெடுங்கள். ‘டூ பாஸ்’ இருந்தால், முழுப் படத்தையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு எங்கே எவ்வளவு தேவை என்று திட்டமிடும். நேரம் அதிகம் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுப் படுக்கலாம்.

ஷாட்கட், கேடென்லைவ், ஹேண்ட்பிரேக் போன்றவற்றில் பிட்ரேட்டையே சொல்லாமல் தரத்தைச் சொல்லும் வழி ஒன்று உண்டு. ஹேண்ட்பிரேக்கில் அதை ‘ஆர்எஃப்’ என்பார்கள். 0 முதல் 51 வரை அளவு. எண் குறையக் குறையத் தரம் கூடும் என்பதால் முதல் தடவை பலரும் தலைகீழாக வைத்துவிடுவார்கள். 1080பி-க்கு 20 முதல் 24 வரை ஹேண்ட்பிரேக்கே சொல்லும் அளவு. வைத்துக் காக்கும் பிரதிக்கு நான் 17 அல்லது 18 வைப்பேன். மூலத்துக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். கோப்பு எவ்வளவு வரும் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. புகையும் தண்ணீரும் எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

ரெசல்யூஷனில் யோசிக்க அதிகம் இல்லை. பெரும்பான்மைக் கிளிப்புகள் 1080பி என்றால் டைம்லைனும் எக்ஸ்போர்ட்டும் 1080பி. ஒருவருடைய 4கே கிளிப்பை அதில் வைக்கும்போது தரம் கெடாமல் உள்ளே ஜூம் செய்துகொள்ளலாம். அந்த 4கே-க்கு அதுவே நல்ல பயன்.

ஃபிரேம் எண்ணிக்கை அப்படி எளிதல்ல. இந்தியாவில் வீடியோகிராபர்கள் 25 ஃபிரேமில் எடுப்பது பழைய ‘பால்’ டி.வி. முறையிலிருந்து வந்த வழக்கம். போன்கள் 30-ல் எடுக்கின்றன. 30 ஃபிரேம் கிளிப்பை 25 டைம்லைனில் போட்டால் வினாடிக்கு ஐந்து ஃபிரேம் காணாமல் போகும். 25-ஐ 30-ல் போட்டால் ஐந்தில் ஒன்று இரண்டு முறை வரும். இரண்டிலும் கேமரா மெல்லத் திரும்பும் இடங்களில் ஒரு தட்டுத் தட்டும். இதற்குப் பூரணத் தீர்வு கிடையாது. அதிக நேரம் வரும் கிளிப்புகள் எதில் இருக்கின்றனவோ அதை டைம்லைனுக்கு வையுங்கள். டாவின்சி ரிசால்வில் கிளிப்புகளை உள்ளே கொண்டுவந்த பிறகு புராஜெக்ட்டின் ஃபிரேம் எண்ணிக்கையை மாற்ற விடாது; ஆகவே இதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும். எக்ஸ்போர்ட்டில் டைம்லைனில் உள்ள எண்ணையே கொடுங்கள். ‘வழவழப்பாக இருக்கும்’ என்று 60 கொடுத்தால் அதே ஃபிரேம்கள் திரும்பத் திரும்ப எழுதப்படும்.

விசேஷம் இன்னும் நடக்கவில்லை என்றால் போன்களையும் 25-க்கு மாற்றிவிடலாம். ஐபோனில் கேமரா செட்டிங்கில் பால் முறையைக் காட்டச் சொன்னால் 25 தெரியும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்துச் சில டியூப்லைட், மலிவான எல்இடி விளக்குகள் அதற்கேற்ப வினாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. 30 ஃபிரேமில் அந்த மினுக்கல் பட்டை பட்டையாகப் படத்தில் ஏறலாம். 25-ல் அந்த வாய்ப்பு குறைவு. பதிவில் ஏறிவிட்ட பட்டையை எக்ஸ்போர்ட்டில் எடுக்க முடியாது.

போன் வீடியோவில் இன்னொரு சிக்கல், அதன் ஃபிரேம் எண்ணிக்கை சீராக இருக்காது என்பது. மண்டபம் இருட்டாக இருந்தால் 30-க்குப் பதில் 27, 24 என்று குறைத்து எடுத்துக்கொள்ளும். சில எடிட்டிங் மென்பொருள்களில் இதனால் நீளமான கிளிப்பின் முடிவில் தவில் அடி ஒரு நேரமும் கை இன்னொரு நேரமுமாகப் பிரிந்துவிடும். அப்படியானால் மட்டும் அந்தக் கிளிப்பை ஹேண்ட்பிரேக்கில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ ஆக, ஆர்எஃப் 16 அளவில் மாற்றிக்கொண்டு பயன்படுத்துங்கள். ஒலி சரியாக இருக்கும் கிளிப்புகளைத் தொடாதீர்கள். அது வீணாக இன்னொரு சுருக்கல்.

பழைய வி.சி.டி.க்கு வருவோம். அதில் படம் 352 × 288 புள்ளிகள், பிட்ரேட் 1.15 மெகாபிட். 1080பி-யின் புள்ளிகளில் இருபதில் ஒரு பங்கு. மூலக் கேசட்டில் இதைவிட அதிகம் இருந்திருக்கும், ஸ்டுடியோவில் வி.சி.டி. ஆக்கும்போதே போய்விட்டது. அந்த வி.எச்.எஸ். கேசட் பீரோவின் மேல்தட்டில் எங்காவது கிடைக்குமானால், பூஞ்சை பிடிக்காமல் இருக்குமானால், மறுபடி டிஜிட்டல் ஆக்குவது செலவழிக்கத் தகுந்த காரியம். கிடைக்காவிட்டால், டிஸ்க்கில் உள்ள ‘டேட்’ கோப்பை அப்படியே கம்ப்யூட்டரில் காப்பி செய்துகொள்ளுங்கள். அதைத் திறக்காத எடிட்டர்களுக்கு மட்டும் மாற்றிக் கொடுங்கள்.

கேசட்டிலிருந்து எடுத்த வீடியோ 720 × 576 அளவில், ‘இன்டர்லேஸ்’ முறையில் இருக்கும். ஒற்றை வரிகள் ஒரு கணத்திலும் இரட்டை வரிகள் அடுத்த கணத்திலும் பதிவானவை. வினாடிக்கு 50 அரைப் படங்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் எக்ஸ்போர்ட் செய்தால் கை அசையும் இடமெல்லாம் ஓரத்தில் கிடைக்கோடுகள் பிரிந்து தெரியும். ‘டீஇன்டர்லேஸ்’ போட வேண்டும். யாடிஃப், பிடபிள்யூடிஃப் என்ற பெயர்களில் இருக்கும். கேசட் முழுவதையும் தனியாகக் காக்கிறீர்கள் என்றால் 50 ஃபிரேமாக விரியுங்கள். அந்தக் கால அசைவு அப்படியே கிடைக்கும். நம் படத்தில் இரண்டு நிமிடம் மட்டும் வருவதால் 25 போதும். அடியில் சில வரிகள் கிழிந்தாற்போல் ஆடும். அது டேப்பின் இயல்பு, வெட்டிவிடலாம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். திரையை நிரப்ப இழுத்தால் கல்யாணப் பெண் ஒரே நொடியில் பத்து கிலோ கூடிவிடுவார்.

கோடெக் விஷயத்தில் என் தேர்வு ஹெச்.264. 2003-ல் வந்தது, பழைய டி.வி., மலிவான போன் எல்லாம் இதைத் திறக்கும். 2013-ல் வந்த ஹெச்.265 ஏறக்குறைய பாதி அளவில் அதே தரத்தைத் தரும். ஆனால் பழைய டி.வி.யில் பென்டிரைவைச் செருகினால் ஒலி மட்டும் கேட்கும், அல்லது அதுவும் கேட்காது. 4கே படமாக இருந்து, எல்லோரிடமும் புதிய டி.வி. இருந்தால் 265-க்குப் போகலாம். கிராபிக்ஸ் கார்டைக் கொண்டு வேகமாக எக்ஸ்போர்ட் செய்யும் வசதியைப் போட்டால், அதே தரத்துக்குப் பிட்ரேட்டைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். புரோரெஸ் போன்ற தொழில்முறைக் கோடெக்குகள் 1080பி, 25 ஃபிரேமில் மணிக்கு 55 ஜிபி கேட்கும். போன் கிளிப்புகளால் ஆன படத்துக்கு அது வீண் பெருமை.

நிறத்தில் ஒரே எச்சரிக்கை. ஐபோன் 12 முதல், வீடியோ ‘ஹெச்டிஆர்’ முறையில் பதிவாகும்படியே வருகிறது. அதைச் சாதாரணக் கிளிப்புகளோடு கலந்து அப்படியே எக்ஸ்போர்ட் செய்தால் முகங்கள் வெளிறும், அல்லது விளக்குகள் வெடிக்கும். எடிட்டரில் அந்தக் கிளிப்புகளுக்கு மட்டும் நிற மாற்றம் கொடுத்து, வெளியீட்டைச் சாதாரண நிற முறையான ‘ரெக் 709’ ஆக வையுங்கள். எடுக்கும் முன்பே போனில் ஹெச்டிஆரை அணைத்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

ஒலிக்கு ஏஏசி, 48 கிலோஹெர்ட்ஸ், 320 கிலோபிட். நிமிடத்துக்கு வெறும் 2.4 மெகாபைட்; இங்கே மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. நாதஸ்வரத்தின் உச்ச ஸ்வரம் கரகரத்தால், கோப்பு சிறுத்ததால் வரும் மிச்சம் அதற்கு ஈடாகாது.

இத்தனையும் வைத்து ஒரே ஒரு பெரிய கோப்பை முதலில் எடுங்கள்: 1080பி, 25 ஃபிரேம், ஹெச்.264, 30 மெகாபிட், 9 ஜிபி. இதுதான் தாய்ப் பிரதி. இதை யாருக்கும் அனுப்ப வேண்டாம். மற்றவற்றை எடிட்டர் டைம்லைனிலிருந்தோ, அது கைவசம் இல்லாதபோது இந்தத் தாய்ப் பிரதியிலிருந்தோ எடுங்கள். ஒரு சின்ன பிரதியிலிருந்து இன்னொன்றை எடுக்காதீர்கள். டி.வி.க்கு 12 மெகாபிட் பிரதி. மேலே சொன்ன 3.6 ஜிபி இங்கேதான் உதவுகிறது: பல பென்டிரைவ்கள் ‘ஃபேட்32’ முறையில் இருக்கும், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. பாதி காப்பி ஆனதும் நின்றுவிட்டதே என்று பென்டிரைவைத் திட்டுவோம். வாட்ஸப் டாக்குமென்டுக்கு 720பி, 4 மெகாபிட் பிரதி, 1.2 ஜிபி, 2 ஜிபி வரம்புக்குள் அடங்கும். அமெரிக்காவில் இருக்கும் மாமாவுக்கு யூடியூபில் ‘அன்லிஸ்டெட்’ ஆகப் போடுவதானால் தாய்ப் பிரதியையே ஏற்றுங்கள். அங்கே மறுபடி சுருக்கப்படும் என்பதால், கொடுப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 4கே ஆகப் பெரிதாக்கி ஏற்றினால் யூடியூப் அதிக பிட்ரேட் ஒதுக்கும் என்பதால் மட்டும், அங்கே அந்தத் தந்திரத்துக்குப் பயன் உண்டு.

முழுப் படத்தையும் எக்ஸ்போர்ட் செய்யும் முன், அபிஷேகமும் அட்சதையும் வரும் இருபது வினாடியை மட்டும் குறித்து 12, 20, 30 மெகாபிட்டில் மூன்று துண்டுகளாக எடுத்து, டி.வி.யில் போட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள். வித்தியாசம் தெரியாத இரண்டில் சின்னது போதும். படம் முடிந்ததும் கடைசி ஐந்து நிமிடத்தில் உதடும் ஒலியும் சேருகின்றனவா, இருட்டில் மறையும் காட்சிகளில் கறுப்பு கட்டம் கட்டமாக உடைகிறதா என்று பார்த்தால் சோதனை முடிந்தது. எடுத்த கிளிப்புகளை அதற்கப்புறமும் அழிக்காதீர்கள். புராஜெக்ட் கோப்புக்குள் வீடியோ கிடையாது. எந்தக் கிளிப் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முகவரிகள்தான் இருக்கும். ஃபோல்டரின் பெயரை மாற்றினாலே எடிட்டர் சிவப்புத் திரையைக் காட்டும். கிளிப்புகளே போய்விட்டால், தலைப்பில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தக்கூட தாய்ப் பிரதியை மறுபடி ஒருமுறை சுருக்க வேண்டியிருக்கும்.